முன்னாடி யாரும் இல்லாத லேன்

– பொறுங்க, பொறுங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசினா எனக்கு ரெண்டுமே காதுல ஏறாது. நான்தான் இந்த நீச்சல் போட்டிக்கு ரெஃப்ரி. என்கிட்ட புகார் குடுக்கணும்னு வந்தது யாரு?

– நான்தான் சார். என் தம்பி பொண்டாட்டி மேல. இதோ தண்ணி சொட்டச் சொட்ட நிக்கறாளே, இவதான்.

– துவட்டிக்க விட்டாத்தானே அண்ணி? ரிசல்ட் வர்ற வரைக்கும் பக்கத்துச் சின்னக் குளத்துல கிடந்துட்டு ஏறினதுமே கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டாங்க சார். என் துண்டு அந்தப் பக்கம் பெஞ்சுலயே கிடக்கு.

– அந்தக் கட்டில் மேல ஒண்ணு இருக்கு பாருங்க, எடுத்துக்கங்க. முதலுதவிக்கு வச்சது, பரவாயில்லை. அப்படியே கதவைச் சாத்திடுங்க, மைக் சத்தம் மண்டையைப் பொளக்குது. ஆங், இப்போ சொல்லுங்க. சொந்தக்காரங்க மேலயே புகாரா?

– சொந்தம்னா தப்பு சரியாயிடுமா? நான் மருந்துக்கடை வச்சிருக்கறவ சார். எனக்கு அளவுன்னா அளவு. அம்பது மீட்டர் நீந்த ஒரு நிமிஷம் இருபது செகண்டு ஆகும்னு இவ பேரு குடுத்தப்போ நேரம் போட்டிருக்கா. இன்னிக்கு அம்பத்தெட்டுல போய்த் தொட்டுட்டு நிக்கறா. நடுவுல இருபத்திரண்டு செகண்டைக் காக்காயா தூக்கிட்டுப் போச்சு?

– எனக்கே தெரியல அண்ணி. போர்டைப் பார்த்து வேற யாரோட நேரமோன்னு நினைச்சேன்.

– கேட்டீங்களா சார்? பச்சைப் புள்ள மாதிரி பேசறா. மெதுவா நீந்துவேன்னு சொன்னா முதல் ஹீட்ல, அதான் முதல்ல இறங்கற கும்பல்ல, போடுவீங்க. அங்க அலையே கிடையாது, தண்ணி கண்ணாடி மாதிரி கிடக்கும். நோகாம நீந்திட்டு வந்துட்டா. நாங்க கடைசி ஹீட்ல பெரிய பெரிய ஆளுங்க கிளப்பின அலையில மூக்குல தண்ணி ஏறி முழிச்சோம். இப்போ எங்க வயசுப் பிரிவுல இவ மூணாவது, நான் நாலாவது.

– ஓ, அப்படிச் சொல்லுங்க. இவங்க நேரத்தைச் செல்லாதுன்னு அடிச்சுட்டா மூணாவது நீங்க.

– மெடலுக்காக வரலை சார். நியாயத்துக்காக வந்தேன்.

– சரி, நியாயத்துக்கே வருவோம். ஏம்மா, நீங்க என்ன வேலை பாக்கறீங்க?

– பஸ் ஓட்டறேன் சார். டவுன் பஸ்.

– இந்த நேரம் கேக்கறது எதுக்குன்னு தெரியுமில்ல? ஒரே வேகத்துல போறவங்களை ஒண்ணா நிறுத்தத்தான். ஒருத்தர் கூட்டிக் குறைச்சுச் சொன்னாலும் பக்கத்து லேன்ல நிக்கறவங்களுக்கு ரேஸ் கெட்டுப்போகும். சொன்னதைவிட ரொம்ப வேகமா வந்தா நான் விசாரிச்சே ஆகணும், எங்க போட்டியில விதி அப்படி. ஒண்ணு இருபதுன்னு யாரு சொன்னது உங்களுக்கு?

– அண்ணிதான்.

– எந்த அண்ணி?

– இந்த அண்ணிதான் சார். வேற அண்ணிக்கு நான் எங்க போவேன்?

– பொறுங்க. புகார் குடுத்தவங்களே நேரமும் பார்த்தாங்களா?

– ஆமா சார், நான்தான் பார்த்தேன். அதுல என்ன தப்பு? என் வாட்ச் நல்ல வாட்ச். இவளுக்குப் பேரு குடுக்கற பேப்பர்ல எழுதவே சோம்பல், அதையும் நான்தான் எழுதினேன். ஒண்ணு இருபது அன்னிக்கு நிஜம்தான். ஆனா அன்னிக்கு இவ வேணும்னே மெதுவா நீந்தியிருக்கணும், இல்லேன்னா இன்னிக்கு இது எப்படி வரும்?

– எப்படிப் பார்த்தீங்க? கரையில நின்னா?

– கரையில நிக்க யாருக்கு நேரம்? காலையில ஆறு மணிக்கு இறங்கினா ஏழுக்கு இவ டிப்போவுக்கு ஓடணும், நான் கடையைத் திறக்கணும். கையில வாட்சைக் கட்டிக்கிட்டு நீந்திட்டே பார்த்தேன்.

– நீங்க நீந்திக்கிட்டு, அவங்க நேரத்தைப் பார்த்தீங்க?

– நாங்க ஒரே லேன் சார். மூணு வருஷமா. நான் முன்னாடி போவேன், இவ பின்னாடி வருவா.

– நான் சொல்லவா சார்? அண்ணி போய்ச் செவுத்தைத் தொட்டாங்க. அவங்க நிமிர்றதுக்குள்ள நானும் தொட்டேன். வாட்சைப் பார்த்துட்டு, 'உனக்கு ஒண்ணு இருபதுடி'ன்னாங்க. தலையை ஆட்டிட்டேன். என் வேகம் அதுதான்னு நானும் நம்பினேன். எனக்கு முன்னாடி லாரி ஊர்ந்தா என் பஸ்ஸும் ஊரும். அதைப் பார்த்துட்டு பஸ்ஸால அவ்வளவுதான் முடியும்னா நான் என்ன சொல்ல?

– யாருடி லாரி?

– பேச்சுக்குச் சொன்னேன் அண்ணி.

– பேச்சுக்காம்! இடம் கேட்டா குடுத்திருக்க மாட்டேனா? வாயில என்ன வச்சிருந்தே?

– எப்படிக் கேப்பேன்? உங்க தம்பி தவறினப்புறம் நான் வீட்டுக்குள்ள சுருண்டு கிடந்தேன். நீங்கதான் வந்து கையைப் பிடிச்சு எழுப்பி, குளத்துக்குக் கூட்டிட்டு வந்து, வயித்துல கை குடுத்து மிதக்கக் கத்துக் குடுத்தீங்க. அப்படிப்பட்டவங்களை முந்திட்டுப் போறதா? ஒரு நாள் நான் உங்களுக்கு முன்னாடி படியேறிட்டேன்னு ஒரு வாரம் போன் எடுக்கலை நீங்க.

– அன்னிக்கு எனக்குப் பல்லு வலி.

– ஒரு வாரமாவா?

– பொறுங்கம்மா, பொறுங்க. பல்லை விடுங்க. எனக்கு ஒரு சந்தேகம். இவங்க பின்னாடியே வந்து ஒண்ணு இருபதுல தொட்டாங்கன்னா, முன்னாடி போன உங்களுக்கு எவ்வளவு?

– எனக்கா?

– உங்களுக்குத்தான்.

– அன்னிக்கு எனக்கு... ஒண்ணு பதினெட்டு இருக்கும்.

– கம்ப்யூட்டர்ல நீங்க குடுத்த நேரம் ஒண்ணு அஞ்சுன்னு இருக்கே. இன்னிக்கு நீந்தினது ஒண்ணு பத்தொன்பது.

– அலை சார். அலைன்னு சொன்னேனே.

– அலை பதினாலு செகண்டா?

– சரி சார், வேகத்தைக் கூட்டித்தான் சொன்னேன்! இப்போ என்ன? மெதுவா நீந்தறவங்களை எப்போ இறக்கறீங்க? காலையில எட்டு மணிக்கு. அப்போ கேலரியில யாரு இருக்கா? நாற்காலி துடைக்கறவங்க. கடைசி ஹீட்டுக்குத்தான் கூட்டம் வருது, மைக்ல பேர் சொல்றாங்க, கை தட்றாங்க. எனக்கு அம்பத்தொன்பது வயசு. ஒரே ஒரு தடவை நாலு பேர் பாக்கற மாதிரி நின்னு குதிக்கணும்னு ஆசைப்பட்டேன். அது குத்தமா?

– ஆசை குத்தமில்லை. சொன்னதைவிட மெதுவா வந்தவங்களை விசாரிக்கறதுக்கு எங்ககிட்ட விதியும் இல்லை.

– பார்த்தியாடி? விதியே இல்லைங்கறார். இவளை மட்டும் பாருங்க சார்.

– ஏன் சார் இல்லை?

– என்னம்மா?

– ஏன் விதி இல்லைன்னு கேக்கறேன். வேகமாப் போறேன்னு பொய் சொல்லி நடு ரோட்டுல ஊர்றவனை விட்டுடுவீங்க. வழி கிடைச்சுதுன்னு கொஞ்சம் அழுத்தினவளை ஓரங்கட்டி லைசென்ஸ் கேப்பீங்க. அண்ணி நின்ன இடத்துல நிஜமாவே வேகமா நீந்தற ஒருத்தி நின்னிருக்கணும். அவளைக் கீழ் ஹீட்டுக்குத் தள்ளிட்டீங்க. அவளுக்கு யாரு நியாயம் சொல்றது? அவ வந்து புகார் குடுக்கலை, அவளுக்கு இது தெரியக்கூடத் தெரியாது.

– என்னடி, என்னையே மாட்டி விடறியா?

– நீங்க என்னைத் திருடின்னு கூட்டிட்டு வந்து நிறுத்தியிருக்கீங்க அண்ணி.

– ரெண்டு பேரும் உட்காருங்க. ஈரத்துல வழுக்கி விழுந்தா அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும். பாருங்கம்மா, நான் ஒரு வழி சொல்றேன். மதியச் சாப்பாட்டு நேரத்துல குளம் காலியா இருக்கும். நீங்க தனியா ஒரு தடவை நீந்திக் காட்டுங்க. கிட்டத்தட்ட அதே நேரம் வந்தா விஷயம் முடிஞ்சுது. யாரும் வாயைத் திறக்க முடியாது.

– மாட்டேன் சார்.

– ஏன்? களைப்பா?

– களைப்பெல்லாம் இல்லை. இன்னும் பத்து தடவை போவேன். காலையில குதிச்சேன் பாருங்க, கண்ணைத் திறந்தா முன்னாடி வெறும் தண்ணி. நுரை இல்லை, கால் இல்லை, ஒண்ணுமே இல்லை. அடியில போட்டிருக்கற அந்தக் கறுப்புக் கோடு மட்டும் நேரா ஓடுது. மூணு வருஷத்துல நான் அந்தக் கோட்டை முழுசாப் பார்த்ததே இல்லை சார். அது பின்னாடியே போனேன், செவுரு வந்துடுச்சு. அவ்வளவுதான். நீந்தினேன், உங்க ஆளுங்க மூணு பேர் நின்னு நேரம் பார்த்தாங்க. அதை மறுபடி செஞ்சு காட்டுன்னா, முதல் தடவை செஞ்சது பொய்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. நான் ஒத்துக்க மாட்டேன்.

– பிடிவாதம் பிடிச்சா உங்களுக்குத்தான் நஷ்டம்.

– இருக்கட்டும். அடிக்கறதுன்னா அடிச்சுக்கங்க. ஆனா பொய் நேரம் சொன்னேன்னு காரணம் போடாதீங்க. வேகமா நீந்தினதுக்காக அடிச்சோம்னு போடுங்க. மைக்லயும் அப்படியே சொல்லுங்க, நான் கேலரியில உட்கார்ந்து கேக்கறேன்.

– இப்படியெல்லாம் பேச எப்போடி கத்துக்கிட்டே?

– தெரியல அண்ணி. காலையில எட்டு மணிக்கு மேலதான்.

– பொறுங்க. நானே இழுத்துட்டுப் போறதுல அர்த்தமில்லை, அடுத்த ரேஸுக்கு விசில் ஊதணும். மருந்துக்கடை அம்மா, புகார் நிக்கணும்னா நீங்க எழுதிக் கையெழுத்துப் போடணும். மூணு வருஷம் கூடவே நீந்தியிருக்கேன், இவளால இந்த வேகத்துல நீந்த முடியாதுன்னு ரெண்டு வரி. உங்களைவிட இவங்களை அறிஞ்சவங்க யாரும் இல்லை, அதனால உங்க வார்த்தையை எடுத்துக்கறேன். போட்டீங்கன்னா இவங்க நேரத்தை அடிச்சுட்டு மூணாவது இடத்தை உங்களுக்குத் தரேன்.

– போடுங்க அண்ணி. நான் தடுக்கலை. சண்டையும் போட மாட்டேன். ஆனா நாளைக்குக் காலையிலேர்ந்து நான் வேற லேன்.

– வேற லேனா? எந்த லேன்?

– நாலாவது. வேகமாப் போறவங்க லேன்.

– அப்போ என்னை விட்டுட்டுப் போறே.

– விட்டுட்டு இல்லை. முந்திட்டு.

– இந்தாங்க பேனா. எழுதுங்க.

– வேண்டாம் சார்.

– வேற பேனா தரவா?

– பேனா நல்லாத்தான் இருக்கு. எழுதினா பொய்யாயிடும். இவளால முடியும்னு எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும். நீந்தறப்போ இவ விரல் வந்து என் குதிகால்ல படும். பட்டதுமே நான் லேனுக்கு நடுவுல வந்துடுவேன், இவ முந்தக் கூடாதுன்னு.