நேராக வெட்டிய தகடு

முதலில் அந்த பன்னைச் சாப்பிட்டுவிடு, ஹாலிஸ். ஷெரீப் உடுப்போடு இரண்டு நாளாகக் கணவாய்ப் பனியில் நின்று முகம் வெளுத்துக் கிடக்கிறாய். பட்டை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். புறப்படுவதற்கு முதல் நாள் என் தங்கை ரோவீனா சுட்டு வைத்தது. எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை.

கணவாயில் அவள் புருஷன் டெல்பர்ட் வேகமாக ஓட்டியதால்தான் அவள் செத்தாள் என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறாய். அவனே அப்படித்தான் நினைக்கிறான். நேற்று ஆஸ்பத்திரியில், கட்டுப் போட்ட காலோடு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"நான்தான் மதினி வேகமா எறங்கிட்டேன். உங்க தங்கச்சிய நானே கொன்னுட்டேன்."

தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டேன். ராத்திரி முழுக்க அந்தக் குரல்தான். அவன் வேகமாகப் போகவில்லை தம்பி. அதை அடித்துவிடு.

ரோவீனாவும் நானும் பிறந்ததிலிருந்து இந்த ஒரே வீடு. முன்னால் என் பட்டறை, பின்னால் அவள் அடுப்பு. இந்தப் பள்ளத்தாக்கில் நான் பற்றவைக்காத வண்டி இல்லை. ஐம்பத்தாறு வயதில் அவள் குதிரைக்காரன் டெல்பர்ட்டைக் கட்டிக்கொண்டாள். இங்கேயே ஒரு அறை ஒழித்துக் கொடுத்தேன். இந்த இலையுதிர் காலத்தில்தான் அவன் நெவாடாவுக்குக் குடிபோகிறோம் என்றான்.

அவனிடம் இருந்தது வைக்கோல் கட்டு ஏற்றுகிற சாதாரண பிக்கப். ஆறு குதிரை நிற்கும் டிரெய்லரை அது இழுக்க வேண்டுமாம்.

"ஆறு குதிரை, வீட்டுச் சாமான், உங்க தங்கச்சி. இதுல எது கனம்னு மட்டும் கேக்காதீங்க மதினி."

"இந்தாளு வாய இழுக்கவே தனியா ஒரு டிரெய்லர் வேணும்க்கா" என்றாள் ரோவீனா. மூவரும் சிரித்தோம்.

மூன்று வாரம் வேலை பார்த்தேன். பின்பக்கம் கனமான ஆக்சில் மாற்றினேன். கியர்பாக்ஸ் சூடேறாமலிருக்க எண்ணெயைக் குளிர்விக்கத் தனிக் குழாய் போட்டேன். சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டையும் தடிமனாக்கினேன். எதிலும் குறை வைக்கவில்லை. கடைசியாக, வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸ்.

பாரம் முழுக்க உட்காருவது பின் ஆக்சிலுக்கு மேலே, சேஸிஸின் மீது. அங்கே இரண்டு பக்கமும் தகடு வைத்துப் பலப்படுத்த வேண்டும். போன வருஷம் உன் வண்டிக்கும் செய்தேனே, குனிந்து பார். தகட்டின் முனை ஈட்டி போலச் சாய்ந்திருக்கும். அப்போதுதான் பாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவும். முனையை நேராக வெட்டி, மேலிருந்து கீழே ஒரே கோடாகப் பற்றவைத்தால் பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் பாரம் முழுக்க அந்தக் கோட்டை ஒட்டியே இறங்கும். வெல்டிங் விடாது; பக்கத்து இரும்பு கிழிந்துவிடும்.

டெல்பர்ட் வண்டிக்கு நேராக வெட்டினேன்.

பாதி வழியில் நின்றுபோனால் திரும்பி வந்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் சமவெளியில் அது தாங்கும் என்று எனக்குத் தெரியும், ஹாலிஸ். காலி டிரெய்லரைக் கட்டி நானே ஊரைச் சுற்றி ஓட்டிக் காட்டினேன். முழுப் பாரத்தோடு கணவாய் இறக்கத்தில், வளைவுக்கு வளைவு குலுங்கும்போதுதான் விடும். ரோவீனா தன் காரில் பின்னால் வருவதாக ஏற்பாடு. அவன் மட்டும் செத்துப்போனால், அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

புறப்படும் காலையில் அவள் பிக்கப்பில் ஏறினாள்.

"கார் அடுத்த வாரம் வரட்டும்க்கா. இவரத் தனியா விட்டா தூங்கிடுவாரு."

கைகளை அக்குளில் சொருகிக்கொண்டு பின் சக்கரத்தையே பார்த்தேன். குளிர்தான் காரணம் என்று நினைத்தாளோ என்னவோ, இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"அந்தக் கணவாய நெனச்சாலே எனக்குப் பயம். நீ வெல்டிங் வச்ச வண்டிங்கறதாலதான் தைரியமா ஏறுறேன்."

இறங்கு என்று ஒரு சொல் போதும். சொன்னால் ஏன் என்று கேட்பாள். நாற்பது வருஷத்தில் என் வேலையைப் பற்றி யாரும் ஏன் என்று கேட்டதில்லை. கையை ஆட்டினேன். திருப்பத்தில் மறையும்வரை அவளும் ஆட்டிக்கொண்டே போனாள்.

டெல்பர்ட் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுது. ஆர்டித். முடிவில் ஒரு 'எச்' வரும். இன்னொன்று, வெல்டிங் விட்டுப்போனது என்று எழுதிவிடாதே. போய் விளக்கடித்துப் பார், இரும்புதான் கிழிந்திருக்கும். என் கோடு அப்படியே இருக்கும், முடியளவு விரிசல் இருக்காது. அவள் நம்பி ஏறியது அதைத்தானே தம்பி. அதில் நான் அவளை ஏமாற்றவில்லை.