நாலாக மடித்த கைக்குட்டை

எனக்குக் கை வேர்க்காது. சித்திரை வெயிலில்கூட வேர்த்ததில்லை. ஆனாலும் மைக்கைக் கைக்குட்டை சுற்றித்தான் பிடிப்பேன். பார்க்கிறவர்கள் ஸ்டைல் என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

அரியலூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் கபடி வர்ணனை சொல்லிக்கொடுக்கிறேன். பாதி வகுப்பு பஸ் ஸ்டாண்டில்தான். உள்ளே வருகிற பஸ், இறங்குகிற கூட்டம், பஸ்ஸை விட்டுவிட்டு ஓடுகிறவர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் தடங்கலில்லாமல் சொல்ல வேண்டும். எட்டுப் பேரில் கலையரசி ஒருத்திதான் தேறினாள். எறையூர்ப் பெண், அம்மா இருசம்மாள் கரும்பு வெட்டப் போகிறவர். செந்துறை பஸ்ஸைப் பின்னால் எடுப்பதை அவள் வர்ணித்தால் டிரைவரே தலையை நீட்டிக் கேட்பார். எனக்குப் பெருமையாக இருந்தது. வயிறும் எரிந்தது.

2004 பொங்கலுக்குச் செந்துறைப் பக்கம் ஒரு போட்டி. வர்ணனைக்கு ஆள் எடுக்கத் திருச்சியிலிருந்து வானொலிக்காரர் ஒருவர் வந்திருந்தார். அப்படி ஒருவர் வருவார் என்று பத்து வருஷமாகக் காத்திருந்தவன் நான். இறுதியாட்டத்துக்குக் கலையரசி பேசட்டும் என்று கமிட்டியில் முடிவு செய்துவிட்டார்கள். என்னை ரெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள், மரியாதையாகத்தான்.

பழைய மைக் செட்டில் கரண்ட் கசியும். அந்த ஊர் செட் ரொம்ப மோசம். முந்தின வருஷம் எனக்குத் தோள்வரை மரத்துப்போனது. காய்ந்த கைக்குட்டையை நாலாக மடித்துச் சுற்றுவது அதற்குத்தான். கபடிக் களத்தில் யாரும் செருப்போடு கால் வைப்பதில்லை. இறுதியாட்டத்துக்கு முன்னால் புழுதி அடங்கத் தண்ணீர் தெளிப்பார்கள். கலையரசி செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மண்ணில் நின்றாள். நான் மைக்கை மேசையில் வைத்து, கைக்குட்டையை உருவிக்கொண்டேன்.

"எதுக்கு சார் எப்பவும் இந்தக் கர்ச்சீப்பு?"

"கை வேர்க்கும்மா," என்றேன்.

வணக்கம் என்பதுகூட முழுசாக வரவில்லை. மைக்கைப் பிடித்தபடியே விழுந்தாள். யாரோ ஒயரைப் பிடுங்கினார்கள். கூட்டம் களத்துக்குள் பாய்ந்தது. ஒயரை மறுபடி செருகச் சொல்லி, கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, வண்டிக்கு வழிவிடும்படி அறிவித்தேன். குரல் நடுங்கவில்லை. வானொலிக்காரர் அதைக் கவனித்திருப்பார் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவள் உயிர் போய்விட்டது. போலீஸ் விபத்து என்று எழுதியது. கைக்குட்டையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தெரிந்துதான் செய்தேன். வானொலியிலிருந்து இன்றுவரை கடிதம் இல்லை. இனி வராது.

ஆறு வருஷம் கழித்து, போன மாதம் இருசம்மாள் சின்ன மகள் ஜெயசித்ராவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"அக்கா பேச முடியாததை இவ பேசட்டுங்க சார். உங்கள வுட்டா எங்களுக்கு யாரு இருக்கா?"

சேர்த்துக்கொண்டேன். அந்தக் குடும்பத்துக்கு நான் செய்ய வேண்டிய கடமை அது. நேற்று அவளும் கைக்குட்டை எதற்கென்று கேட்டாள். கணீரென்ற குரல், அக்காவைவிட ஒரு படி மேல். கை வேர்க்கும் என்று சொன்னேன்.