தலைவர் இல்லாத வட்டம்

எங்கள் கட்டடத்தில் யார் வீட்டில் என்ன கறி என்பது எலிவேற்றர் கதவு திறந்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிடும். ஒன்பதாம் மாடியில் கருவாடு மணத்தால் பேபி வீடு. பதினோராம் மாடியில் வெங்காயம் கருகினால் றொய்சன் சமைக்கிறான், அல்லது யோசிக்கிறான். இரண்டையும் அவன் ஒரே நேரத்தில்தான் செய்வான். இதை வேவு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளில் முப்பத்தொரு வருடம் இருந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டா எலிவேற்றரில் ஏற முடியும்?

நடந்ததை எழுதித் தரும்படி வட்டத்தின் பெயரில் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். கட்டளையிடவில்லை, கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மரியாதை எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கீழே பொதுமண்டபத்தில், பேபியும் இருக்கும்போது, இது வாசிக்கப்படும் என்றீர்கள். வாசியுங்கள். நடாஷா வாசிக்கட்டும். இங்கே பிறந்த பிள்ளை, தமிழ் கொஞ்சம் தள்ளாடும், ஆனால் குரல் நல்லது.

புதிதாகக் குடிவந்தவர்களும் இருப்பார்கள் என்பதால் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். என் பெயர் எமில்டா. இந்தக் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கத்துக்குப் பதினொரு வருடம் தலைவியாக இருந்தேன். கரப்பானுக்கு மருந்தடிக்க ஆள் கூப்பிட்டது நான். ஹீற்றர் வேலை செய்யாதபோது மனேஜரின் கதவில் தட்டியது நான். உடுப்புத் தோய்க்கும் அறையில் யார் யாருடைய ட்ரையரை நிறுத்தினார்கள் என்று தீர்ப்புச் சொன்னதும் நான். தபால்பெட்டிகளுக்குப் பக்கத்தில் கண்ணாடிக்குள் என் பெயர் இருந்தது. யாரும் வாக்குப் போடவில்லை என்பது உண்மைதான். ஒவ்வொரு வருடமும் வேறு யாரும் வரவில்லை, நான் வந்தேன்.

பிறகு றொய்சன் வந்தான். நாற்பத்து மூன்று வயது, கலியாணம் இல்லை, ஸ்ட்ரீட்கார் ஓட்டுகிறவன். பல்கலைக்கழகத்தில் தத்துவம் படிக்கப் போய் இரண்டு வருடத்தில் விட்டவன். பாதியில் விட்ட படிப்பு ஆளைச் சும்மா விடாது. ஞாயிறு பூசைக்குப் பிறகு மண்டபத்தில் தேநீரும் போட்டு அராஜகம் என்று வகுப்பும் எடுத்தான். அராஜகம் என்றால் கடை உடைப்பது, பஸ் எரிப்பது என்றுதான் நாங்கள் கேள்விப்பட்டிருந்தோம். அப்படியில்லை என்றான். ஒருவர் இன்னொருவருக்கு மேலே இருந்தால், ஏன் இருக்கிறேன் என்று விளக்கம் சொல்லவேண்டியவர் மேலே இருப்பவர்தான். கீழே இருப்பவர் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. அந்த விளக்கம் சரிவராவிட்டால் அந்த நாற்காலியை எடுத்துவிடலாம். இதுதான் அத்திவாரம் என்றான். மிச்சம் எல்லாம் அதற்கு மேலே கட்டிய வீடாம்.

சிவப்பு விளக்கைக் கண்டால் ஒழுங்காக நிற்கிற ஆள் சட்டம் வேண்டாம் என்கிறான் என்று நான் பகிடி விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

"அன்ரி, நான் நிக்கிறது லைற்றுக்கில்லை. குறுக்காலை போற சனத்துக்கு."

அதற்கு என்னுடைய பகிடிக்கு விழுந்ததைவிடப் பெரிய சிரிப்பு விழுந்தது. கை வேறு தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாவிட்டால் என்ன நினைப்பார்கள்.

அவன் சொன்னவற்றில் எனக்குப் பாதி பிடித்தது என்றும் எழுதிவிடுகிறேன், நீங்கள் நம்பமாட்டீர்கள். பொலிஸ் நிற்பதால் மட்டும் களவெடுக்காதவன் காவல் போட்ட கள்ளனே தவிர நல்லவன் இல்லை என்றான். மின்சாரம் நின்ற அந்த இரண்டு நாளும் பதினாறாம் மாடி வரைக்கும் தண்ணீர் சுமந்தவர்களுக்கு உத்தரவு போட்டது யார் என்று கேட்டான். யாருமில்லை. அதிகாரத்தால் பிடித்துக் கொடுக்கிற சுதந்திரம் கைக்கு வரும்போது அதிகாரமாகவே வரும் என்றான். இதையெல்லாம் நான் வீட்டுக்குப் போய், தட்டுக் கழுவும்போது யோசித்துப் பார்த்தேன். மனிதர் தாமாகவே நல்லவர்கள் என்பது அவனுடைய கணக்கு. எனக்கு இந்தக் கட்டடத்தில் நூற்றுத் தொண்ணூறு வீட்டின் கதை தெரியும்.

பிறகு நாற்காலிகளை வட்டமாகப் போட்டீர்கள். தலைமாடு இல்லை, கால்மாடு இல்லை. வாக்கெடுப்பும் இல்லை, ஒருவருக்கும் மறுப்பில்லை என்னும் வரைக்கும் பேசுவது. என் பதவியை நீங்கள் பறிக்கவில்லை. பறித்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன். றொய்சன் தேநீர்க் கோப்பையை நீட்டிக்கொண்டே, மிகவும் தன்மையாக, நான் தலைவியாக இருப்பதால் மட்டும் நடக்கிற ஒரு வேலையைச் சொல்லும்படி கேட்டான். நான் கோப்பையை வாங்கிக்கொண்டு மனதுக்குள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். மருந்தடிக்க யாரும் போன் எடுக்கலாம். மனேஜரின் கதவில் யாரும் தட்டலாம். எண்ணி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அடுத்த நாள் கண்ணாடிக்குள் என் பெயர் இருந்த இடத்தில் குப்பை எடுக்கும் நாட்களின் அட்டவணை இருந்தது.

இதற்காக ஒருவருக்குக் கோபம் வரலாம் என்று அத்தனை பேரில் ஒருவர்கூட நினைக்கவில்லை.

அடுத்த மாதம் இன்னொரு ஒப்பந்தம் வந்தது. ஆள் இல்லாத இடத்தில் அந்த ஆளைப் பற்றிப் பேசுவதில்லை. தலைவர் இல்லாத இடத்தில் நம்பிக்கைதான் சட்டமாம், அது முதலில் வாயால்தான் உடையுமாம். அப்போது ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எவ்வளவு பாடுபட்டீர்கள் என்று நான் பார்த்தேன். யாருக்கும் மறுப்பு உண்டா என்று நடாஷா கேட்டாள். மறுத்தால், அது நான்தான் என்று ஆகிவிடும். நானும் தலையாட்டினேன். என் சம்மதத்தோடேயே என் வாயைக் கட்டினீர்கள். நான் மூன்று நாட்டில் இருந்தவள். எந்த அரசாங்கமும் எனக்கு அதைச் செய்ததில்லை.

அதன்பிறகு எலிவேற்றரில் ஆட்கள் எனக்குக் குட்மோர்னிங் சொல்லிவிட்டு மாடி எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இனி யூட்சனைப் பற்றி. பேபியின் ஒரே மகன். முப்பத்து நாலு வயது. ஒன்பது வயதில், சீருடை போட்டவர்கள் வீட்டுக்கு வந்து தகப்பனைக் கூட்டிக்கொண்டு போனதைப் பார்த்தவன். நல்ல பிள்ளை, வாசலில் கண்டால் பையைத் தூக்கித் தருவான். வருடத்தில் சில நாட்கள் மனம் குழம்பும். நடப்பான், தனக்குள் பேசுவான், கதவுகளை அடித்துச் சாத்துவான். ஒருவரையும் தொடமாட்டான். ஒருமுறை கீழே நிற்கிற செக்கியூரிற்றியின் சட்டையைக் கண்டுவிட்டுக் குளியல் தொட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். பேபி வட்டத்தில் கேட்டது ஒன்றுதான். என்ன நடந்தாலும் என்ரை பிள்ளைக்குப் பொலிசைக் கூப்பிடாதையுங்கோ என்றாள்.

அதற்காக வந்ததுதான் பொதுத் தொலைபேசி. வாரத்துக்கு ஒருவர் கையில் அது இருக்கும். பேபி அதற்கு அழைப்பெடுத்தால், வைத்திருப்பவர் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய் அந்த வீட்டில் சும்மா இருக்கவேண்டும். அறிவுரை இல்லை. தேநீர் குடிப்பது, ஜன்னலைப் பார்ப்பது. ஒரு மணித்தியாலத்தில் அவனும் வந்து பக்கத்தில் இருந்துவிடுவான். நாலு தடவை அப்படி நடந்தது. நாலு தடவையும் சரிவந்தது. நீங்கள் அதைப் பெரிதாகக் கொண்டாடவும் இல்லை, சாதாரணமாக எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

மார்ச் மாதம் இரண்டாம் செவ்வாய். தொலைபேசி என் கையில். பின்னேரம் மூன்று மணிக்குப் பேபி எடுத்தாள். நான் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. பொலிசைக் கூப்பிட்டேன். யூட்சன் கத்தியோடு நிற்கிறான் என்று பேபி சொன்னாள், தாயின் உயிரை வைத்து ஒப்பந்தம் பார்க்க முடியுமா, அதனால் கூப்பிட்டேன். உங்களுக்கும் விசாரிக்க வந்தவர்களுக்கும் நான் சொன்னது இது. எழுதிக்கொண்டு போனார்கள்.

கத்தி என்றதால் ஆறு பேர் வந்தார்கள். நான் அப்போது கீழே வாசலில் நின்றேன். வெளியே வந்தவர்கள் எல்லோரும் என்ன நடந்தது என்று என்னைத்தான் கேட்டார்கள். ஒப்பந்தம் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. எட்டு மாதத்துக்குப் பிறகு என்னைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். பின்னுக்கு நின்றவர்களுக்கும் கேட்கும்படி நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போது மற்றப் பக்கத்தில், கார் நிறுத்துகிற இடத்தில், அந்தச் சத்தம் வந்தது. பொலிஸ் கதவில் அடித்த சத்தத்தில் யூட்சன் பல்கனிக் கதவைத் திறந்துவிட்டான். ஒன்பதாம் மாடி. அவன் கையில் எதுவும் இருக்கவில்லை என்று வந்தவர்களே சொன்னார்கள்.

நாற்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு பேபி என் வீட்டுக்கு வரத் தொடங்கினாள். வெள்ளிக்கிழமைகளில் வருவாள். இருக்கச் சொன்னாலும் இருக்கமாட்டாள். சப்பாத்து அடுக்குக்குப் பக்கத்தில் நின்றபடி கேட்பாள்.

"எமில்டாக்கா, நான் கத்தி எண்டு சொன்னனானா?"

"சொன்னனீர், பேபி. பயத்திலை சொன்னனீர்."

"எனக்கு நினைவில்லை அக்கா. ஏன் அப்பிடிச் சொன்னன்? அவன் கதவைத்தானே சாத்தினவன்."

"பயத்திலை வாய் என்னவும் சொல்லும். உம்மிலை பிழையில்லை."

தலையாட்டிவிட்டுப் போவாள். அடுத்த வெள்ளி திரும்ப வருவாள். வீட்டில் இருந்த கத்தி எல்லாவற்றையும் பையில் கட்டிக் கொண்டுபோய் நடாஷாவிடம் கொடுத்துவிட்டாள். நடாஷாதான் மரக்கறியை வெட்டி எடுத்துக்கொண்டு போகிறாள் என்று கேள்வி. தன் வாயால் மகன் செத்தான் என்று ஒரு தாய் நம்பினால் எவ்வளவு காலம் சாப்பிடாமல் இருப்பாள் என்று நீங்கள் எல்லோரும் பயந்தீர்கள். நியாயமான பயம். ஆள் பாதியாகிவிட்டாள்.

போன வாரம் றொய்சன் என் வீட்டுக்கு வந்தான். வேலைச் சட்டையோடுதான் வந்தான். பொதுத் தொலைபேசியை மேசையில் வைத்தான். அதில் பதிந்திருந்தபடி பேபி எடுத்தது மூன்று மணி நாலு நிமிடத்துக்கு. நான் பொலிசுக்கு எடுத்தது மூன்று பதினொன்றுக்கு.

"ஏழு நிமிசம் என்ன செய்தனீங்கள், அன்ரி?"

நான் தொலைபேசியை அவன் பக்கம் தள்ளிவைத்தேன். அவன் மேசையில் அடிக்கவில்லை, கத்தவில்லை. அடித்திருக்கலாம்.

"நான் உங்களை விசாரிக்க வரேல்லை. தண்டிக்க எங்களிலை ஒருத்தருக்கும் உரிமையில்லை. அங்கை ஒரு மனுசி ஒரு விடைக்காக அந்தரிச்சுக்கொண்டு இருக்கிறா. அது உங்களிட்டைத்தான் இருக்கு. எழுதித் தாறீங்களோ?"

அவன் போன பிறகு எனக்கு வந்த கோபத்தை இந்தத் தாளில் எழுத முடியாது. ஒரு மனிதன் செத்திருக்கிறான். அதற்குக்கூட இவர்களிடம் ஒரு நீதவான் இல்லை, ஒரு கூண்டு இல்லை. என்னைப் பார்த்து நீ செய்தாய் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. பேனையும் தாளும் தந்துவிட்டு, என் மனச்சாட்சியை நம்பிப் போய்விட்டார்கள். பச்சைப் பிள்ளைகளிடம் கேட்பதுபோல என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

சரி. ஏழு நிமிடம் நான் தேநீர் குடித்தேன். அப்போதுதான் ஊற்றியிருந்தேன், ஆறிவிடும். குடித்துக்கொண்டே யோசித்தேன். வருத்தக்காரன் என்று சொன்னால் அம்புலன்ஸ் வரும், இரண்டு பேர் மெதுவாக ஏறி வருவார்கள், ஒருவரும் வெளியே வந்து பார்க்கமாட்டார்கள். கத்தி என்றால் ஓடி வருவார்கள், கட்டடம் முழுக்க வாசலுக்கு வரும். இது எனக்குத் தெரியும்; இந்தக் கட்டடத்துக்கு எத்தனை தடவை நான் பொலிசைக் கூப்பிட்டிருப்பேன். யூட்சன் சீருடையைக் கண்டால் என்ன ஆவான் என்பதும் தெரியும். கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். விழுவான் என்று நினைக்கவில்லை. தொட்டிக்குள் போய்ப் படுப்பான், இழுத்துக்கொண்டு போவார்கள், பேபி அழுவாள், உங்கள் வட்டத்தால் ஒரு பிள்ளையைக்கூடக் காப்பாற்ற முடியாது என்று எல்லோரும் காண்பீர்கள் என்றுதான் நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

பேபி என்னிடம் சொன்னது இது. ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"எமில்டாக்கா, தம்பி கொஞ்சம் குழம்பியிருக்கிறான், கதவை அடிக்கிறான். ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஒருக்கா வாங்கோ. நீங்கள் வந்தால் அவனுக்கு விருப்பம்."

கத்தி என்று அவள் சொல்லவில்லை. அந்தச் சொல் என்னுடையது. மூன்று பதினொன்றுக்கு நான் அதைச் சொன்னேன், விசாரிக்க வந்தவர்களிடம் திரும்பச் சொன்னேன், ஏழு வெள்ளிக்கிழமைகள் பேபியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். யூட்சனைக் கொன்றது நான். அவளுடைய வாயில் அந்தச் சொல்லைக் கொண்டுபோய் வைத்ததும் நான்.

இப்போது நடாஷா வாசித்து முடித்திருப்பாள். நீங்கள் வட்டமாக இருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இந்த மனுசியை என்ன செய்வது என்று யாராவது ஒருவர் எழுந்து நின்று சொல்லவேண்டும். ஒருவரும் எழும்பமாட்டீர்கள். உங்களுக்குப் பழக்கமில்லை. இப்படி ஒரு நாள் வரும், அன்றைக்கு எல்லோருக்கும் மேலே ஓர் ஆள் தேவைப்படும் என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன், கேட்டீர்களா?

அதற்கு வேறு ஆள் கிடைக்காவிட்டால் சொல்லி அனுப்புங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன்.