ஓசோன் ஓடிக்கொண்டிருக்கிறது

வீட்டு நீச்சல் குளத்துத் தண்ணீருக்கு நிறம் என்று எதுவும் கிடையாது. அடியில் பதித்த டைல்ஸ் நீலம், அதனால் தண்ணீரும் நீலமாகத் தெரிகிறது. இதைச் சொன்னால் பலரும் ‘அப்படியா’ என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். நீங்கள் போகவில்லை. வக்கீல்களுக்குப் பொறுமை அதிகம்தான் அம்மா.

நீங்கள் என் மனைவியின் வக்கீல். அவள் பக்கம்தான் பேசுவீர்கள், பேசவும் வேண்டும். எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. அதனால்தான் குளத்தோரமே உட்கார்ந்து பேசலாம் என்று நாற்காலி போட்டேன். செருப்பைச் சொல்லாமலேயே வாசலில் விட்டுவிட்டு வந்தீர்கள், அதற்கு நன்றி.

குளம் அவளுக்காகக் கட்டியது. இதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன். அவள் தையல் வகுப்பு நடத்துகிறாள். காலால் மிதிக்கிற இயந்திரத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்து இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருமூச்சு விடுவாள். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “தெனமும் இடுப்பளவு தண்ணில நடங்கம்மா. விட்டுட்டீங்கன்னா ஆபரேஷன்தான்” என்றார். ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டதும் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு பயம் அவளுக்கு.

நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண்ணாடியில் கடுகளவு புள்ளி இருந்தாலும் வாங்கியவர் திரும்ப வந்து நிற்பார். அப்படிப் பழகிய கண் எனக்கு. அதனால் தண்ணீரை எப்படிச் சுத்தமாக வைப்பது என்ற பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். குளச் சாமான் விற்கும் கடைக்காரர் குளோரின், உப்பு இயந்திரம், செம்பு இயந்திரம், ஓசோன் என்று வரிசையாகச் சொன்னார். மனைவியிடம் கேட்டேன். “எதையாவது போடுங்க. எனக்குக் கால் வலிக்குது” என்றாள். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையும் செய்கிற ஆள் நான் இல்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன்.

முதலில் குளோரின். மனைவி காலையில் நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை என் மச்சினன் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து தொபுக்கடீர் என்று குதித்தான். சாயங்காலம் மூக்கைத் துளைக்கிற நாற்றம். மருந்து அதிகமாகிவிட்டதோ என்று கடைக்காரரைக் கேட்டேன். அவர் சிரித்தார். “மருந்து சும்மா இருந்தா அவ்வளவா வாசனை வராது சார். வேர்வையும் மத்ததும் கலந்தாதான் அந்த நாத்தம். ஆளுங்க எறங்கினா அப்படித்தான்” என்றார்.

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தண்ணீரில் குறை இல்லை, மருந்திலும் குறை இல்லை. அப்படியென்றால் குறை எங்கே இருக்கிறது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அடுத்த ஞாயிறு மச்சினன் குடும்பம் துண்டும் கையுமாக வந்து நின்றபோது, புதிதாக ஒரு பொடி கலந்திருப்பதாகச் சொன்னேன். உள்ளே யாராவது ஒன்றுக்குப் போனால் அவர்களைச் சுற்றித் தண்ணீர் ஊதா நிறமாகிவிடும் என்றேன். அப்படி ஒரு பொடியும் நான் போடவில்லை. பிள்ளைகள் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா அம்மாவைப் பார்த்தான். அம்மா வானத்தைப் பார்த்தாள். “இன்னிக்கு லேசா சளி புடிச்ச மாதிரி இருக்கு அத்தான்” என்றான் மச்சினன். மொத்தக் குடும்பத்துக்கும் ஒரே நேரத்தில் சளி பிடித்து நான் பார்த்தது அன்றுதான். காபி குடித்துவிட்டுப் போனார்கள், பிறகு வரவில்லை.

அடுத்தது உப்பு இயந்திரம். தண்ணீரில் உப்பைக் கரைத்துவிட்டால் அதிலிருந்தே குளோரின் எடுத்துக்கொள்ளும். அடுத்த தெருவிலிருந்து மாமியாரும் மாமனாரும் தினம் வந்துகொண்டிருந்தார்கள். மாமியாருக்கு ரத்த அழுத்தம். உப்பு என்ற சொல் காதில் விழுந்ததுமே படியில் வைத்த காலை எடுத்துவிட்டார். “டாக்டர் உப்பே கூடாதுன்னுட்டாரே மாப்பிள்ள. தண்ணி வழியா உடம்புல ஏறிடுமோ?” என்று கேட்டார். ஏறாது என்று எனக்குத் தெரியும். ஆனால் பெரியவர்கள் பேச்சை மறுத்துப் பேசுவது என் வழக்கமில்லை. “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் அத்தை” என்றேன். மரியாதை கொடுத்தால் எவ்வளவோ காரியம் எளிதாகிவிடுகிறது.

மாமனாருக்காகச் செம்பு இயந்திரம் வைத்தேன். செம்புத் துணுக்குகளைத் தண்ணீரில் கரைய விடும், பாசி பிடிக்காது. அளவு கூடினால் வெள்ளை முடி பச்சையாகும் என்று கூடவே வந்த தாளில் போட்டிருந்தது. அவருக்குத் தலை பஞ்சு மாதிரி வெளுத்திருக்கும், அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. செம்பின் அளவைக் கூட்டுகிற திருகை நான் கொஞ்சம் தாராளமாகவே திருகினேன். “தண்ணிக்குச் செம்பு போட்டிருக்கு மாமா” என்று மட்டும் சொன்னேன். அவர் தண்ணீர் மொள்ளுகிற செம்பு என்று நினைத்துக்கொண்டார். எதற்காகப் போட்டார்கள் என்று கேட்கவில்லை. மூச்சைப் பிடித்து முங்கி அடியில் தேடினார். மேலே வந்து, “காணோமே மாப்பிள்ள” என்றார். “நல்லாத் தேடுங்க மாமா” என்றேன். ஒரு வாரம் தேடினார். அந்த வாரக் கடைசியில் அவருடைய பள்ளிக்கூடத் தோழர்கள் எல்லாரும் கூடிப் படம் எடுத்துக்கொண்டார்கள். முதல் வரிசையில் நடுவில் கீரைக்கட்டு மாதிரி உட்கார்ந்திருப்பார். மாமியார் அந்தப் படத்தைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டார்.

கையைத் தண்ணீரில் விடாதீர்கள் அம்மா. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். கைக்குப் பூசிய கிரீம் கரையும். இந்தாருங்கள், துடைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே விட்டேன். ஆம், மிச்சமிருந்தது என் மனைவி மட்டும்தான். இறங்குவதற்கு முன் சோப்புப் போட்டுக் குளிக்கச் சொன்னேன், குளித்தாள். தலைக்கு உறை போடச் சொன்னேன், போட்டாள். முழங்காலுக்குத் தடவுகிற தைலத்தை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினாள். தங்கமான மனுஷி. அந்த நாட்களில் அவள் படி ஏறும்போது பெருமூச்சு கேட்காமல் போயிருந்தது. அதை அப்போது நான் கவனிக்கவில்லை. தண்ணீரின் மேல் மெல்லியதாக ஒரு படலம் மிதந்ததைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக ஓசோனுக்கு வந்தேன். அதோ, அந்தச் சாம்பல் நிறப் பெட்டி. அது குழாய் வழியாக ஒரு வாயுவைத் தண்ணீரில் விட்டுக் கிருமியைக் கொல்லும், ஓடும்போது யாரும் இறங்கக்கூடாது என்றேன். மனைவி சரி என்றாள். தினம் காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இந்தப் படியில் உட்கார்ந்துகொள்வாள்.

“நின்னுடுச்சா?”

“இன்னும் கொஞ்ச நேரம்.”

வெயில் ஏறும். தையல் பிள்ளைகள் வந்து வாசலில் கூப்பிடுவார்கள். எழுந்து போவாள். மறுநாளும் வருவாள். கேள்வியும் அதுதான், பதிலும் அதுதான். கொஞ்ச நாளில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க ஆரம்பித்தாள். அதன் பிறகு தூக்கிவிடச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். நான் தூக்கிவிட்டேன். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை, இதையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

ஒரு நாள் கடையிலிருந்து வந்தபோது பெட்டியைத் திறந்துபோட்டு அதன் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே மீன் தொட்டிக்குக் காற்று அடிக்கிற சின்ன மோட்டார் மட்டும் இருந்தது. சத்தத்துக்காக நான் வைத்தது. பெட்டியிலிருந்து போகிற குழாய் செடிக்குப் பின்னால் சும்மா முடிந்திருந்தது.

“நானும் உங்களுக்குக் கிருமிதானா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. கிருமின்னா குளோரின்லயே செத்துருக்கும்” என்றேன்.

சமாதானமாகத்தான் சொன்னேன். அவளை எழுப்பிவிடக் கையும் நீட்டினேன். அவள் என் கையைப் பிடிக்கவில்லை. சுவரைப் பிடித்துத் தானாகவே எழுந்தாள், அதற்கு வெகுநேரம் ஆயிற்று. அன்றைக்கே தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். இப்போது தினம் ஊர்ப் பொதுக் குளத்தில் நடக்கிறாளாம். ஊரே இறங்குகிற தண்ணீர் அம்மா அது. அங்கே போய் நிற்கிறாளே என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார் என்று நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. பொது இடத்துத் தண்ணீர் என்றால் அப்படித்தான் ஆகும்.

ஆகவே நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் ஒன்றுதான், ஆம். பொடி பொய், உப்பு உடம்பில் ஏறாது என்று சொல்லாமல் விட்டது நான், திருகைத் திருகியதும் நான், பெட்டியும் பொய். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். ஆனால் எல்லாம் யாருக்காக என்பதையும் பாருங்கள். இந்தத் தண்ணீரைப் பாருங்கள், அடியில் ஒரு குண்டூசி கிடந்தாலும் தெரியும். அவளை வரச் சொல்லுங்கள். ஆபரேஷன் முடிந்தே வரட்டும், அவசரமில்லை. இதே நாற்காலியில் நாள் முழுக்க உட்காரவைத்துப் பார்த்துக்கொள்கிறேன். தண்ணீரைப் பார்ப்பதற்கு முழங்கால் வேண்டியதில்லை.