மஞ்சள் கோட்டின் இரண்டு பக்கம்

ராத்திரி ஒன்றரை மணி. ஓசூரைத் தாண்டி எல்லைக்குப் போகும் மண்பாதை. கடைசி ஷிப்ட் பஸ்ஸும் போய்விட்டால் அங்கே நாய்கூடக் குரைக்காது. அந்தப் பாதையின் முடிவில்தான் சந்திரிகா ஹால். நம்மோடு ஷிப்டுக்கு வருகிற சக்தியின் அக்கா முனிலட்சுமிக்கு அங்கே நடந்தது இது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலத்தில் அந்த ஹால் விடிய விடிய ஜேஜே என்று இருக்கும். நடுத் தரையில் ஒரு மஞ்சள் கோடு. இந்தப் பக்கம் தமிழ்நாடு... மேடை, ரெக்கார்டு டான்ஸ். அந்தப் பக்கம் கர்நாடகா... சாராயக் கடை. இங்கே போலீஸ் வந்தால் அங்கே தாண்டு, அங்கே வந்தால் இங்கே தாண்டு. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்களே, அங்கே நிஜமாகவே அப்படித்தான். ஒருநாள் அடிதடியில் ஒருவன் அந்தக் கோட்டின் மேலேயே விழுந்து செத்தான். யார் பெற்ற பிள்ளையோ! கேஸ் நமக்கு வேண்டாம் என்று இரண்டு பக்கத்துப் போலீசும் ராத்திரி முழுக்கப் பிணத்தைக் காலைப் பிடித்து மாறி மாறி இழுத்துப் போட்டார்கள். 'எங்க ஆளு' என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. கேட்கிற நமக்கே மனது ஆறவில்லை. அதோடு ஹாலை மூடிவிட்டார்கள்.

இப்போது அது ஸ்பேர்பார்ட்ஸ் குடோன். காவலுக்கு முனிலட்சுமியும் அவள் புருஷன் ஆனந்தராஜும் போய்ச் சேர்ந்தார்கள். பழைய மேடைக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தார்கள்.

முதல் நாள் விடிந்தபோது ஆனந்தராஜ் கோட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்தான். உருண்டே கர்நாடகா போய்விட்டாய் என்று கேலி செய்தாள். இரண்டாம் நாளும் அப்படியே. முதுகில் தோல் உரிந்திருந்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போய்விடலாம் என்றாள். போக வேறு இடம் ஏது என்றான் அவன்.

மூன்றாம் ராத்திரி அவள் கண்ணை மூடவில்லை. ஒன்றரை மணி இருக்கும். குப்பென்று சாராய நாற்றம். சர்ர்... சர்ர்... ஆனந்தராஜ் மல்லாந்தபடி, கால் முன்னே போக, நகர்ந்துகொண்டிருந்தான். இழுக்க ஆள் இல்லை. கோட்டைத் தாண்டியதும் நின்றான்.

"நம்தல்ல," என்றது இருட்டில் ஒரு கன்னடக் குரல். நம்முடையதில்லை என்று.

மறுபடி சர்ர்... இந்தப் பக்கம்.

"எங்களுதும் இல்ல," என்றது ஒரு தமிழ்க் குரல்.

அவன் எழவில்லை. மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பவும் இழுத்தபோது அவள் பாய்ந்து அவன் தோளைக் கட்டிக்கொண்டாள். பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"உடுங்க அவர... எங்க ஊட்டுக்காரரு. கெலமங்கலத்து ஆளு."

இழுப்பு நின்றது. யாரோ பெருமூச்சு விட்டார்கள். காகிதம் புரண்டது... பேனா மூடி கழன்றது. பிறகு அவள் காதருகே, ரொம்ப மரியாதையாக, அந்தத் தமிழ்க் குரல் கேட்டது.

"உசுரு எத்தன மணிக்குப் போச்சுன்னு எழுதட்டும், தாயீ?"