மூன்றாம் நம்பர் கணினியில் அழியாமல் நின்ற விண்ணப்பம்

பெயர்: ஞானசிங். தகப்பனார் பெயர்: ரசலையன். வயது: 43. தொழில்: மார்த்தாண்டத்தில் தட்டச்சு, நகல் மற்றும் பிரவுசிங் சென்டர். விலாசம்: 4/17, கல்லன்விளை, திருவட்டாறு வழி. 2010 அக்டோபர் 4, திங்கட்கிழமை காலை 10.20 மணிக்குத் தானாகவே நிலையத்துக்கு வந்து உதவி ஆய்வாளர் முன்பு சொன்னது.

நான் மேற்படி விலாசத்தில் மனைவியுடன் வசித்து வருகிறேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை, மிரட்டவும் இல்லை. எங்கள் சபையைச் சேர்ந்த யேசுரத்தினம் அவர்கள், தன் மகள் ஜாஸ்மியின் நோய் விவரத்தை வெளியே சொல்லிக் கல்யாணத்தைக் கலைத்துவிட்டதாக ஜெனித் என்ற பெண்மீது புகார் கொடுத்திருக்கிறார். அந்தக் குற்றம் ஜெனித் செய்ததல்ல. நான் செய்தது. அதைச் சொல்லவே வந்தேன்.

எங்கள் சபைக்கு 2008-ஆம் வருடம் ஓர் இணையதளம் செய்து கொடுத்தேன். யாரும் கேட்டுச் செய்யவில்லை, நானே ஆசைப்பட்டுச் செய்தேன். அதில் ஆராதனை நேரம், போதகர் செய்தி, சபைச் செய்திகள், பிறகு ஜெப விண்ணப்பம் எழுதி அனுப்ப ஒரு பக்கம் ஆகியவை உண்டு. வருகிற விண்ணப்பங்களை வியாழன்தோறும் நான் அச்செடுத்து ஜெபக்குழுவிடம் கொடுப்பேன். 'இரகசியம்' என்று குறித்தவற்றை மட்டும் உறையில் ஒட்டிப் போதகர் கையில் கொடுப்பேன். அந்த உறை ஒன்றைக்கூட நான் மாற்றிக் கொடுத்ததில்லை.

தமிழில் தட்டச்சு செய்வது எல்லோருக்கும் எளிதல்ல. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என் கடையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பத்து வரி எழுதி முடிக்கும்போது கரண்டு போயிற்று. எழுதியது எல்லாம் போய்விட்டது. "உனக்க வெப்சைட்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அதன் பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து குக்கீ வைத்தேன். குக்கீ என்பது, தளத்துக்கு வந்தவர் உட்கார்ந்த அதே கணினியில் தளம் எழுதி வைக்கிற சின்னக் குறிப்பு. எழுத எழுத அது பெயர், ஊர், விண்ணப்பம் எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கரண்டு வந்து பக்கத்தைத் திறந்தால் விட்ட இடத்தில் இருந்து எழுதலாம். தொண்ணூறு நாள் இருக்கும்படி வைத்தேன். அனுப்பி முடித்த பிறகு அதை அழிக்க ஒரு வரி எழுத வேண்டும். அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை. வீட்டுக் கணினியில் நான் ஒருவன்தான் உட்காருவேன், அங்கேதான் சோதித்துப் பார்த்தேன். கடையில் ஒரே நாற்காலியில் நாள் முழுவதும் இருபது பேர் மாறி மாறி உட்காருவது என் மண்டையில் ஏறவில்லை.

அதற்கு முன்பே, பெரிய தளங்களில் இருக்கிறதே என்று தனியுரிமைப் பக்கமும் ஒன்று போட்டிருந்தேன். ஏதோ ஒரு ஆங்கிலத் தளத்தில் இருந்து எடுத்துத் தமிழில் எழுதினேன். எங்கள் குக்கீகள் உங்கள் பெயரைச் சேமிப்பதில்லை என்று அதில் இருந்தது. பிறகு குக்கீ வைத்த நாளில் இந்தப் பக்கத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி வரி மட்டும் என் சொந்த வரி. 'உங்கள் விண்ணப்பத்தை ஆண்டவரும் ஜெபக்குழுவும் தவிர வேறு எவரும் அறியமாட்டார்கள்.' அந்த வரியைப் போதகர் ஞாயிறு ஆராதனையில் வாசித்துப் பாராட்டினார். நான் எழுந்து நின்றேன்.

2010 ஆகஸ்ட் 28 சனிக்கிழமை மதியம் ஜாஸ்மி கடைக்கு வந்தாள். அவளுக்கும் பஹ்ரைனில் எலக்ட்ரீசியனாக இருக்கும் செல்வன் என்பவருக்கும் கல்யாணம் நிச்சயித்திருந்தது. மூன்றாம் நம்பர் கணினியில் உட்கார்ந்தவள், எழுதுவதற்கு முன்பு என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, இத வேற ஆராவது பாப்பாவளா?" என்று கேட்டாள். "ஈ காக்கா அறியாது மக்கா, தைரியமா எழுது" என்று சொன்னேன். அவள் இரகசியம் என்று குறித்து அனுப்பினாள். சிறு வயது முதல் ஒரு நோய்க்குத் தினமும் மாத்திரை எடுப்பதாகவும், வீட்டில் மறைக்கச் சொல்வதாகவும், கல்யாணத்துக்கு முன்பு செல்வனிடம் தன் வாயாலேயே சொல்லத் தனக்குத் தைரியம் கிடைக்க ஜெபிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாள். அதை அச்செடுத்து உறையில் ஒட்டிப் போதகரிடம் கொடுத்தேன்.

அதன் பிறகு செப்டம்பர் 5 மற்றும் 12 ஆகிய இரண்டு ஞாயிறுகளில் பெண் வீட்டார் சபை, மாப்பிள்ளை வீட்டார் சபை இரண்டிலும் அவர்களுடைய கல்யாண அறிவிப்பு வாசிக்கப்பட்டது. மூன்று ஞாயிறு வாசித்து, யாரும் தடை சொல்லாவிட்டால்தான் எங்களில் கல்யாணம். 13-ஆம் தேதி திங்கட்கிழமை, செல்வனின் அக்காள் ஜெயபாய் கல்யாண அட்டையின் மாதிரியைப் பார்த்துத் தம்பிக்கு மெயில் அனுப்ப வந்தார். என் கணினியில் அச்சு ஓடிக்கொண்டிருந்ததால் மூன்றாம் நம்பரில் உட்கார வைத்தேன். மெயில் அனுப்பியதும் நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்க சபைக்க வெப்சைட்ட பாத்தியளா அக்கா?" என்று கேட்டு, நானே குனிந்து திறந்து, ஒவ்வொரு பக்கமாகக் காட்டினேன். ஜெப விண்ணப்பப் பக்கத்தைச் சொடுக்கிய நேரத்தில் அச்சு இயந்திரத்தில் தாள் சிக்கிவிட்டது. நான் அங்கே போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. "என்ன அக்கா?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு மழையில் குடையை எடுக்காமல் போய்விட்டார். நான் குடையை எடுத்து மூலையில் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

17-ஆம் தேதி மாப்பிள்ளை வீட்டார், பெண்ணின் நோயை மறைத்துவிட்டதால் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு ஜெயபாய், "கர்த்தர் எனக்குக் காட்டித் தந்தாரு" என்று மட்டும் சொன்னார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. பூட்டி வைத்த விஷயம் திடீரென்று முன்னால் வந்து நின்றால் எங்கள் ஆட்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் யேசுரத்தினம் அதை நம்பவில்லை. வீட்டுக்கு வெளியே அந்த நோயைப் பற்றித் தெரிந்தவள் ஜாஸ்மியின் தோழி ஜெனித் ஒருத்திதான், ஜாஸ்மி இரத்தம் சோதிக்கும் தனியார் லேபில் அவள்தான் வேலை பார்க்கிறாள், ஆகவே அவள்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். ஜாஸ்மியும் அப்படியே நம்பி, ஜெனித்தின் போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள்.

19-ஆம் தேதி ஞாயிறு மூன்றாவது அறிவிப்பு வாசிக்கப்படவில்லை. நான் பாட்டுக்குழு பெஞ்சில் இருந்தேன். அப்போதுதான் ஜெயபாயின் குடை ஞாபகம் வந்தது. மறுநாள் காலை மற்றவர்கள் வரும் முன்பு கடையைத் திறந்து, மூன்றாம் நம்பரில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். பெயர் ஜாஸ்மி என்று முதல் கட்டத்தில் வந்தது. ஊர் வந்தது. விண்ணப்பம் முழுவதும் வந்தது. இடைப்பட்ட நாட்களில் அந்தக் கணினியில் வேறு யாரும் எங்கள் தளத்தைத் திறக்கவில்லை, திறந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். தளத்தைத் தினமும் நூறு பேர் பார்ப்பதாக நான் சொல்லிவந்ததும் பொய், பாதி எண்ணிக்கை நானே திறந்து மூடியது. போதகரிடம் ஓட வேண்டியவன், குக்கீயை அழித்தேன். தளத்தில் அந்த விடுபட்ட வரியைச் சேர்த்தேன். ஐந்து நிமிஷ வேலைதான்.

அதன் பிறகு 22-ஆம் தேதி யேசுரத்தினம் என் கடைக்கு வந்தார். "மக்கா ஞானசிங்கே, அந்தக் குட்டிக்க மேல ஒரு கம்ப்ளைன்ட் அடிச்சுத் தா. லேபுக்கு ஒண்ணு, ஸ்டேஷனுக்கு ஒண்ணு" என்று சொன்னார். சொல்லும்போதே அழுதார். நான் தட்டச்சு செய்தேன். அவர் சொல்லச் சொல்ல, 'நம்பிக்கைத் துரோகம்' என்ற சொல்லை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். பிழை திருத்தி இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தேன். உங்கள் கோப்பில் இருக்கும் மனு என் கைவேலைதான். 24-ஆம் தேதி ஜெனித்தை வேலையில் இருந்து நிறுத்திவிட்டார்கள்.

அக்டோபர் 2 சனிக்கிழமை ஜெனித் கடைக்கு வந்தாள். வேறு வேலைக்கு பயோடேட்டா அடிக்க வேண்டும் என்றாள். பெயர், படிப்பு எல்லாம் சொன்னாள். பழைய வேலையை விட்ட காரணம் என்ற இடம் வந்ததும் நிறுத்தினாள். "அங்க என்ன போடணும் அண்ணே?" என்று கேட்டாள். "நான் சொல்லல அண்ணே. அவ எனக்கக் கூட ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து படிச்சவ. நீங்களாவது நம்புதியளா?" என்றாள். "நம்புதேன் மக்கா" என்றேன். அதைவிடக் கேவலமாக நான் யாரிடமும் பேசியதில்லை. உண்மை தெரிந்தவன், பெரிய மனது பண்ணி நம்புகிறவன் மாதிரிப் பேசினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க ஒரு ஆளாவது சொன்னியளே" என்று எனக்கு நன்றி சொன்னாள். அதன் பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று ஆராதனைக்கும் போகவில்லை.

ஆகஸ்ட் 28 மற்றும் செப்டம்பர் 13 தேதிகளில் யார் எந்தக் கணினியில் உட்கார்ந்தார்கள் என்று எழுதிய கடைப் பதிவேட்டையும், திருத்துவதற்கு முன்பு இருந்த தளத்தின் நகல் உள்ள குறுந்தகட்டையும், ஜெயபாயின் குடையையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். ஜெயபாயிடம் கேட்டால் குடையை எங்கே விட்டார் என்று சொல்லுவார். இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்றை முதலில் அந்த லேபுக்கு அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். என்மீது என்ன நடவடிக்கை எடுத்தாலும் நான் எதிர்க்கப் போவதில்லை. ஜாஸ்மியிடம் நான் நேரில் போய்ச் சொல்லுவேன். அவள் கதவைத் திறப்பாளா என்று தெரியாது.

ஜாஸ்மிக்கு உள்ள நோய் இன்னது என்று உதவி ஆய்வாளர் என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியும் என்று சொன்னேன். அப்படியென்றால் சொல்லும், எழுத வேண்டும் என்றார். சொல்ல மாட்டேன் என்று சொன்னேன். "என்ன ஓய், இவ்வளவும் சொல்லிட்டு அத மட்டும் எதுக்கு மறைக்கீரு?" என்று கேட்டார். இந்தத் தாள் எத்தனை கைக்குப் போகும் என்று அவரிடம் கேட்டேன். எழுத்தர், ஆய்வாளர், லேப், தேவைப்பட்டால் கோர்ட் என்று விரல் விட்டுச் சொன்னார். அதை வெளியே சொல்ல வேண்டியவள் ஜாஸ்மி ஒருத்திதான். அதற்கான தைரியத்தைத்தான் அவள் என் கடையில் உட்கார்ந்து கேட்டாள். அவள் சொல்லும் முன்பு ஒரு தடவை என்னால் அது வெளியே போய்விட்டது, இரண்டாவது தடவை போக விட மாட்டேன். ஆகவே அந்த இடம் காலியாக விடப்பட்டுள்ளது.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். இரண்டு இடங்களில் என் குற்றத்தைக் குறைத்து எழுதியிருந்ததைத் திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். இதில் உள்ளது அத்தனையும் நான் அறிந்து, என் சுய நினைவுடன் சொன்னது, உண்மை.

ஒப்பம்: ர. ஞானசிங்