சிவப்பு எந்தக் காதுக்கு?

அக்கா: …படி. சத்தமா படி.

தம்பி: படிச்சிட்டேன்க்கா.

அக்கா: மனசுக்குள்ள படிச்சா ஆச்சா? என் கட்டுரைக்கு வந்த வசவு, என் காதுல விழட்டும்.

தம்பி: "உங்கள் கட்டுரை வேறொரு பெரிய இணையதளத்திலிருந்து வரிக்கு வரி காப்பி. அதையும் ஒழுங்காக அடிக்கவில்லை. சிவப்புப் புள்ளி இடது காதுக்கு என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் வலது என்று…"

அக்கா: போதும். இத்தனை வருஷமா காது மெஷின் ரிப்பேர் பண்றேன். சிவப்புன்னா வலது, நீலம்னா இடது. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன். அவன் எனக்குப் பாடம் எடுக்கறான். திருடின்னு பட்டம் வேற.

தம்பி: விடுக்கா. எவனோ வேலையத்தவன்.

அக்கா: வேலையத்தவனா? கடைசி வரியையும் படி.

தம்பி: "…பெரிய தளத்தில் உள்ளபடியே நாளை என் அம்மாவுக்கு மாட்டப் போகிறேன்." ஐயோ.

அக்கா: ஒவ்வொரு காதுக்கும் அளவெடுத்துச் செஞ்சதுடா அது. மாத்தித் திணிச்சா வலி, விசில், எல்லாம் வரும். நான் பதில் போட்டேன். நம்ப மாட்டேங்கறான். திருடி சொன்னா எவன் நம்புவான்?

தம்பி: நான் வேணா அவனுக்கு…

அக்கா: நீ முதல்ல நெட்டுல தேடு. என் முதல் வரியை அப்படியே அடி.

தம்பி: "காது மெஷின் விசில் அடித்தால் பதறாதீர்கள்"… அடிச்சிட்டேன்.

அக்கா: யார் வர்றா?

தம்பி: …பெரிய தளம்.

அக்கா: அடுத்து?

தம்பி: வேற என்னென்னவோ.

அக்கா: நான் எங்க?

தம்பி: கீழ போறேன்… இன்னும் கீழ…

அக்கா: பாதாளத்துக்கே போ. அந்தக் கடைசி வரி என்ன?

தம்பி: "இதே போன்ற சில பக்கங்களைக் காட்டவில்லை. அவற்றையும் பார்க்க வேண்டுமா?"ன்னு கேக்குது.

அக்கா: அமுக்கு.

தம்பி: …இதோ, நீ வந்துட்டேக்கா.

அக்கா: வந்துட்டேனா? பெத்தவளைத் தெருவுல நிறுத்திட்டு, பிள்ளையைத் தூக்கிட்டுப் போனவளை நடுவீட்டுல உக்கார வச்சிருக்கு. நான் என்ன தப்பு பண்ணேன்னு எனக்கு இந்தத் தண்டனை?

தம்பி: தண்டனை இல்லைக்கா. ஒரே கட்டுரை ரெண்டு இடத்துல இருந்தா, படிக்கறவனுக்கு எதுக்கு ரெண்டுன்னு தேடுபொறி ஒண்ணை மட்டும் காட்டும். அவ்வளவுதான்.

அக்கா: ஒண்ணு காட்டட்டும். என்னோடதைக் காட்டட்டும்.

தம்பி: எது அசல்னு அதுக்கு எப்படித் தெரியும்? எதை முதல்ல பார்த்துச்சு, எதுக்கு நிறைய பேர் இணைப்பு குடுத்து வழி காட்டறாங்க… இப்படிக் கூட்டிக் கழிச்சு ஊகிக்கும்.

அக்கா: ஊகம். நல்லா இருக்கு. சரி, அந்தத் தளத்துல கேள்வி கேக்க இடம் இருக்கா?

தம்பி: இல்லை.

அக்கா: என்கிட்ட வர்றவங்க போன்ல பேச முடியாதவங்கடா. தேடிப் பிடிச்சு, எழுதிக் கேட்டாத்தான் உண்டு. மூணு வாரமா ஒரு கேள்வி வரலை. எல்லாருக்கும் காது சரியாயிடுச்சுபோலன்னு உக்காந்திருந்தேன். சரி, முதல்ல பார்த்ததுன்னு சொன்னியே. அவங்க பக்கத்துல என்ன கிழமை போட்டிருக்கு?

தம்பி: …வியாழன்.

அக்கா: என் பக்கத்துல?

தம்பி: அதுக்கப்புறம் வந்த ஞாயிறு. எனக்கு லீவு அன்னிக்குத்தானே உன் கட்டுரையை ஏத்துவேன்.

அக்கா: நகல் வியாழக்கிழமை பொறந்திருக்கு. அசல் ஞாயித்துக்கிழமை பொறந்திருக்கு. எந்த ஊர் அதிசயம் இது?

தம்பி: அவங்க கம்ப்யூட்டர் கடிகாரம் முன்னபின்ன ஓடும்…

அக்கா: மூணு நாள் முன்னபின்ன? என்னடா, திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி இருக்கே?

தம்பி: கோவப்படாம கேக்கறியா?

அக்கா: மாட்டேன். கோவத்தோடதான் கேப்பேன். சொல்லு.

தம்பி: நான்தான் குடுத்தேன்.

அக்கா: யாரைக் கேட்டு?

தம்பி: நல்ல கட்டுரை இருந்தா அனுப்புங்க, எங்க தளத்துலயும் போடறோம்னு கேட்டிருந்தாங்க. உன் பக்கத்தைப் பத்துப் பேர் பார்த்தா அங்க பத்தாயிரம் பேர் பாக்கறாங்க. நல்ல விஷயம், ஊரே படிக்கட்டுமேன்னு… நீ அனுப்பின கையோட அவங்களுக்கும் தட்டி விட்டேன்.

அக்கா: என் பேரு?

தம்பி: கீழ சின்னதா போடுவாங்கன்னு நினைச்சேன்.

அக்கா: நினைச்சே.

தம்பி: மூலக் கட்டுரை எங்க இருக்குன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. அதை நிரப்பியிருந்தா, அவங்க பக்கத்துலயே அசல் உன்னோடதுன்னு ஒரு குறிப்பு சேர்ந்திருக்கும். தேடுபொறியும் பெரும்பாலும் புரிஞ்சுக்கும். நிரப்பலை.

அக்கா: ஏன், கை சுளுக்கா?

தம்பி: அப்ப உன் பக்கமே இல்லையேக்கா. ஞாயித்துக்கிழமைதானே ஏத்தினேன். என்னத்தை எழுத? அப்படியே விட்டுட்டேன்.

அக்கா: ஆக, பிள்ளை பொறக்கறதுக்கு முன்னாடியே தத்துக் குடுத்திருக்கே. அம்மா பேர் எழுதற இடத்தையும் வெறுமையா விட்டு.

தம்பி: தப்புதான்க்கா. வீட்டுக்குப் போனதும் அவங்களுக்கு எழுதறேன்…

அக்கா: இப்ப எழுது. இந்த நாற்காலியிலயே. அந்தப் பையனுக்கும் எழுது, நீ யாருன்னு சொல்லி எழுது. அந்தம்மா காது உன் லீவு நாளுக்காகக் காத்துக்கிட்டிருக்காது.

தம்பி: பையனுக்கு அனுப்பிட்டேன். இது தளத்துக்கு… "கட்டுரையை உடனே நீக்கவும். சிவப்புப் புள்ளி பற்றிய வரியை நீங்கள் தவறாக மாற்றி…"

அக்கா: மாத்தினாங்கன்னு எழுதாதே.

தம்பி: ஏன்? அவங்கதானே மாத்தினாங்க?

அக்கா: எழுதாதேன்னா எழுதாதே. பிழையான பிரதி வந்துவிட்டதுன்னு மட்டும் போடு.

தம்பி: போட்டாச்சு. அனுப்பியாச்சு… அக்கா, ஒண்ணு கேக்கட்டா? நான்தான் குடுத்தேன்னு சொன்னப்ப நீ அதிரவே இல்லையே. உனக்கு எப்பத் தெரியும்?

அக்கா: அந்த வசவைப் படிச்ச நிமிஷமே தெரியும்டா. சிவப்பு இடதுன்னு எழுதினது அவங்க இல்லை, நான்தான். அவசரத்துல எழுதி அனுப்பிட்டு, சாயங்காலமே திருத்தி மறுபடி அனுப்பினேன். அந்த முதல் பிரதி போனது உன் ஒருத்தனுக்குத்தான்.